கட்டிலுக்கு அடியில் பார்க்கச் சொன்ன சிஸ்டருக்கு

அன்பும் மரியாதையும் உள்ள சிஸ்டருக்கு,

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள். உங்கள் விலாசம் எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்த எண்ணைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்கிறது. நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலும் போய்க் கேட்டேன். ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டதாக ஒருவர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும் இடத்தில் இந்த மடலை எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் விண்ணப்பம் போடும் மாதம் இது. அவர்கள் கண்ணில் பட்டாலும் நல்லதுதான்.

2010, மாசி மாதம். ஆண்கள் எலும்பு முறிவு வார்டு, ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டில். நத்தம் பக்கத்துப் புளியமரத்துக்காரர் என்றால் உங்களுக்கு நினைவு வரலாம். நான் அவர் மகள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரித்து, வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்.

எங்கள் பக்கம் மாசி, பங்குனி என்றால் புளி உலுக்கும் காலம். அப்பா கூலிக்கு மரம் ஏறுகிறவர். எனக்குப் பொதுத்தேர்வு தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது கிளை முறிந்து விழுந்தார். இடது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் அவருக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்றார்கள். அதுவரை முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி ஏற்றி, கயிறு கட்டி, எடை தொங்கவிட்டார்கள். ஆக மொத்தம் 38 நாள் அந்தக் கட்டிலில் கிடந்தார்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடித்துப் போயிருந்தார்கள். உடைந்த காலை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நீங்கள் வந்து நல்ல காலைப் பார்த்தீர்கள்.

"ஐயா, மேல தள்ளிப் படுக்க இந்தக் காலத்தானே ஊனி எக்குறீங்க?" என்று கேட்டீர்கள். அப்பா ஆமாம் என்றார். அந்தக் குதிகாலில் உங்கள் புறங்கையை வைத்துப் பார்த்தீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள். "பாப்பா, இங்க வந்து தொட்டுப் பாரு. இந்தக் கால் சூடா இருக்கா, அந்தக் கால் சூடா இருக்கா?" தொட்டேன். நல்ல காலின் குதிகால் உண்மையிலேயே சுட்டது. தோல் கொஞ்சம் இறுகி, பளபளவென்று இருந்தது. "நம்ம தோல் கறுப்பு. சிவந்தா கண்ணுக்குத் தெரியாது. புத்தகத்துல சிவப்புன்னு போட்டிருக்கும். அது வெள்ளைத் தோலுக்கு எழுதுனது. நாம தொட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்" என்றீர்கள். ஒரு போர்வையை நான்காக மடித்துக் கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி வைத்தீர்கள். கட்டிலின் மேல் கம்பியில் துணியை முறுக்கிக் கட்டி, எக்குவதானால் இதைப் பிடித்து எக்குங்கள் என்று அப்பாவிடம் சொன்னீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள்.

சர்க்கரைக்காரருக்குக் குதிகாலில் புண் வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதை நான் இரண்டாம் ஆண்டில்தான் படித்தேன். அன்றைக்கு அந்தப் புறங்கை அங்கே படாமல் போயிருந்தால், ஒரு கால் முறிந்ததற்கு வந்தவர் மற்றொரு காலை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பார். இதைப் பரீட்சைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த வாரத்திலேயே இன்னொன்று. அப்பா சிறுநீர் கழிக்கும் கேனை நீங்களே எடுத்துப்போய் அளவு ஜாடியில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தீர்கள். டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது, அளவும் குறைவு. நேரே அப்பாவிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "கேன் வைக்க வெக்கமா இருக்குன்னு தண்ணி குடிக்காம இருக்கீங்களா ஐயா?" என்று கேட்டீர்கள். அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். உண்மை அதுதான். நாலு நாளாக எங்களிடம் மறைத்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் குடிக்கும் ஒவ்வொரு டம்ளரையும் ஒரு தாளில் கோடு போட்டு வைக்கச் சொன்னீர்கள். உள்ளே போவது, வெளியே வருவது என்று இரண்டு பத்தி. நான் எழுதிய முதல் இன்டேக் அவுட்புட் சார்ட் அது.

பரீட்சை நாட்களில் விடியற்காலை பஸ்ஸில் ஊருக்குப் போய், எழுதிவிட்டு, சாயங்காலம் வார்டுக்கே வந்துவிடுவேன். ராத்திரி ட்யூட்டியில் நீங்கள் ஒருவர்தான். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். கட்டிலிலும் தரையிலுமாக 52 பேர். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. அதைப் பின்னால் வகுப்பில் படித்தபோது எனக்கு அந்த 52-தான் ஞாபகம் வந்தது. அத்தனை பேருக்கும் ஊசி போட்டு, ட்ரிப்ஸ் மாற்றி, மூன்று மணிக்குமேல் மேசையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுவீர்கள்.

அப்படி ஒரு ராத்திரிதான் கேட்டேன், நானும் நர்சிங் படிக்கலாமா என்று. நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். பேனாவை வைக்காமலே "எதுக்கு?" என்றீர்கள். சேவை செய்ய ஆசை என்றேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "சேவைன்னா கோயில்ல போய்க் கூட்டிப் பெருக்கலாம் பாப்பா. இது வேலை. தெரிஞ்சு செய்யணும். தெரியாமச் செஞ்சா ஆள் போயிருவான்" என்றீர்கள். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் செவிலியரைத் தியாகி, தேவதை என்று மேடையில் யாராவது பேசும்போதெல்லாம் உங்கள் அந்தப் பதில் என் காதில் கேட்கிறது. எங்களைத் தேவதை என்பவர்கள் எங்கள் படிப்பைப் பற்றிக் கேட்பதில்லை.

பெரியத்தை வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பாவின் அக்கா. நான் நர்சிங் படிக்கப் போகிறேன் என்றதும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "பீ மூத்திரம் அள்ளவா பிள்ளையப் பன்னெண்டு வரைக்கும் படிக்க வச்சீக? ராவெல்லாம் ஆஸ்பத்திரியில நிக்கிற பிள்ளைய எவன் கட்டுவான்?" அம்மா வாயடைத்துப்போனார். நீங்கள் அடுத்த கட்டிலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தீர்கள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தீர்கள். சண்டை போடுவீர்கள் என்று பயந்தேன். "ஆமாம்மா, அள்ளணும். ஒங்க தம்பியோடத நாந்தான் அளந்தேன். அளந்ததுனாலதான் அவரு தண்ணியே குடிக்கலன்னு தெரிஞ்சது. அள்ளுறதுக்குள்ள அம்புட்டு விசயம் இருக்கு. அதுக்குத்தான் நாலு வருசம் படிக்கிறது" என்று சொல்லிவிட்டு, அத்தைக்கு உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டீர்கள். இல்லை என்று மறுக்கவில்லை, மழுப்பவில்லை. அத்தை அதற்குமேல் பேசவில்லை. எனக்குத் தீர்மானம் ஆனது அந்த இடத்தில்தான்.

38 நாள் கழித்து அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அம்மா ஒரு பை நிறையப் புளி கொண்டுவந்து உங்களிடம் நீட்டினார். கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டிய புதுப்புளி. "ட்யூட்டியில இருக்கிற வரைக்கும் பேஷண்ட் வீட்டுல எதுவும் வாங்கிறதில்ல தாயி, தப்பா நினைக்காதீங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். அம்மா அந்தப் பையை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்.

மே மாதம் ரிவியூவுக்கு வந்தபோது மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து காட்டினேன். உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, அரசு நர்சிங் கல்லூரியில் கிடைப்பது கஷ்டம், ஆனால் தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்கும் என்றீர்கள். எனக்கோ ஆயிரம் கேள்வி. டிப்ளமா போதுமா, டிகிரி வேண்டுமா என்பது முதல் கேள்வி. அன்றைக்கு டிப்ளமா மூன்றரை வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம். அரசுப் பயிற்சிப் பள்ளியில் டிப்ளமா சேர்ந்தால் உதவித்தொகை உண்டு, செலவு குறைவு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நீங்கள் டிப்ளமா படித்தவர். எங்களைப் போன்ற வீட்டுக்கு அது ஒன்றும் குறைந்த படிப்பில்லை என்று முதலில் சொன்னீர்கள். பிறகுதான், "ஆறு மாசம் கூடப் படிச்சா டிகிரி. நாளைக்கு டீச்சிங் போகணும், எம்.எஸ்சி. படிக்கணும்னு தோணுனா நீ திரும்ப ரெண்டு வருசம் போஸ்ட் பேசிக் படிக்க வேண்டாம். எனக்குச் சொல்ல ஆளில்ல, உனக்குச் சொல்றேன்" என்றீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிவிட்டது, நாட்டிலேயே முதன்முதலில் அதைத் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று என்று பிறகு படித்தேன். 64 வருஷம் கழித்து எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி உங்கள் வாய் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய டெம்பரேச்சர் சார்ட் ஒன்றின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்தது. லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். கல்லூரி பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்காதே, இந்த வருஷத்து ஆர்டரைக் காட்டச் சொல் என்று முதல் வரி. இந்திய நர்சிங் கவுன்சில், மாநில நர்சிங் கவுன்சில், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் மூன்றும் வேண்டும்; ஒன்று இல்லாவிட்டாலும் படித்து முடித்துப் பதிவு எண் வாங்குவதற்குள் உயிர் போய்விடும் என்று அம்மாவுக்கு வாயால் விளக்கினீர்கள். ட்யூட்டர்கள் பிள்ளைகளோடு வார்டுக்கு வருகிறார்களா, அல்லது பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிடுகிறார்களா என்பது இன்னொன்று. போன வருஷம் முடித்த பிள்ளை ஒன்றையாவது தேடிப் பிடித்துப் பேசு, சர்டிபிகேட்டை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேள் என்பது மற்றொன்று. கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள்: "கட்டடத்தைப் பார்க்காதே. வார்டைப் பார். கட்டிலுக்கு அடியில் பார்."

அந்த வரியின் அர்த்தம் நேரில் போன அன்றுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவும் நானும் மூன்று கல்லூரிகளுக்குப் போனோம். முதலாவது ஊரிலிருந்து மிகத் தொலைவு. கண்ணாடிக் கட்டடம், ஏ.சி. போட்ட வரவேற்பறை, மேசையில் பூ. ஆய்வகத்தில் பொம்மை நோயாளிகளைப் பார்த்து அம்மா அசந்துபோனார். ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டேன். பின்னால் கூட்டிப்போனார்கள். வரிசையாகக் கட்டில், வெள்ளை வெளேரென்று விரிப்பு. குனிந்து பார்த்தேன், சிஸ்டர். ஒரு கட்டிலுக்கு அடியிலும் செருப்பு இல்லை. சோற்றுத் தூக்கு இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை, துணிப்பை இல்லை. மனிதர் படுத்து எழுந்த வார்டு அப்படி இருக்காது. 38 நாள் கட்டிலுக்கு அடியிலேயே குடித்தனம் நடத்திய எனக்கு அது தெரியாதா? இரண்டாவது கல்லூரியில் வார்டைக் காட்டவே இல்லை, சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார்கள்.

மூன்றாவது எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம். சுண்ணாம்பு அடித்துப் பல வருஷம் ஆன கட்டடம். முதல்வர் அறையில் மின்விசிறி சத்தம் போட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எங்களுக்கு வழி விட ஆள் ஒதுங்க வேண்டியிருந்தது. கட்டிலுக்கு அடியில் எல்லாம் இருந்தது. இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி ஒரு பாட்டிக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய ட்யூட்டர் நின்று, துணியைப் பிடிக்கும் விதத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். அங்கேயே எனக்கு மனசு நின்றுவிட்டது. பி.எஸ்சி. நர்சிங் நடத்தும் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும், மாணவர் ஒருவருக்கு மூன்று நோயாளியாவது இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இன்றைக்குக் கவுன்சில் எழுத்திலேயே வைத்திருக்கிறது. அந்த விதி சொல்வதைத்தான் நீங்கள் ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்திருந்தீர்கள்.

கலந்தாய்வுக்குச் சென்னை போக வேண்டியிருந்தது. ராத்திரி பஸ்ஸில் போய், விடிகாலை கோயம்பேட்டில் பல் விளக்கி, கீழ்ப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். என் முறை வருவதற்குள் அரசுக் கல்லூரி இடங்கள் போய்விட்டன. திரையில் அந்தக் கண்ணாடிக் கட்டடக் கல்லூரியின் பெயர் இருந்தது, இடமும் இருந்தது. நான் உள்ளூர்க் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு தகப்பனார், "நல்ல காலேஜ் காலியா இருக்கும்போது இதை எதுக்கும்மா எடுக்கிறே?" என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

உள்ளூர்க் கல்லூரி எனக்கு என்ன தந்தது என்று கேட்டால், விடுதிச் செலவு மிச்சம், அப்பாவுக்கு வீட்டில் ஒரு கை உதவி என்பவை சின்னக் கணக்கு. பெரிய கணக்கு, நோயாளியின் பேச்சு எனக்குப் புரிந்தது. 'மேலுக்கு முடியல' என்று ஒரு தாத்தா சொன்னால் அது காய்ச்சலா, அசதியா, மனசு சரியில்லையா என்று குரலை வைத்தே பிரிக்கத் தெரியும். கிறுகிறுப்பு வேறு, மயக்கம் வேறு, கண்ணைக் கட்டுவது வேறு என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்து எங்களோடு படித்த பிள்ளைகள் இதற்கே ஒரு வருஷம் சிரமப்பட்டார்கள்.

நான்காம் ஆண்டில் சமுதாய நலப் பயிற்சிக்காக எங்களை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம், வீடு வீடாகப் போகும்போது, எட்டு மாத கர்ப்பிணி ஒருத்தி திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலில் வீக்கம். அவள் மாமியார், "கால் வீங்குனா ஆம்பளப் பிள்ள" என்று சிரித்தார். தலைவலியா என்று கேட்டேன், வெயில் என்றாள். கிளம்பப் போனேன். அவள் சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோல, "ரெண்டு நாளாக் கண்ணு முன்னால மின்மினி பறக்குதுக்கா" என்றாள். எனக்கு முதுகு சில்லிட்டது. பேறுகால இரத்தக் கொதிப்பு முற்றும்போது கண்ணில் பொறி பறக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை எங்கள் ஊர்ப் பெண் மின்மினி என்றுதான் சொல்வாள். அங்கேயே பி.பி. பார்த்தேன். 160/110. கைப்பட்டையைக் கழற்றி, அடுத்த கையில் கட்டி மறுபடி பார்த்தேன். அதே அளவு.

கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்குப் போன் போட்டேன். பத்து நிமிஷத்தில் வண்டியில் வந்துவிட்டார். சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ் மெக்னீசியம் சல்பேட்டின் முதல் டோஸைப் போட, 108 வர, நான் கூடவே பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். வண்டியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வலிப்பு வந்துவிடக் கூடாது என்று முழங்கால் இறுகும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்தபடி போனேன். வரவில்லை. மறுநாள் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். எடை குறைவு, ஆனால் அழுதது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஊர்த் திருவிழாவில் பார்த்தால் என் பையைப் பிடுங்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பாள்.

உடைந்த காலை விட்டுவிட்டு நல்ல காலைப் பார்க்க நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள். திண்ணையிலிருந்து கிளம்பிய என் கால் நின்றதற்கு அதுதான் காரணம்.

படித்து முடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014-ல் பதிவு எண் வாங்கினேன். நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் இருந்தேன். மாதம் 6,000 ரூபாய். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விட்ட பிறகு நாலு மாதம் அலையவிட்டார்கள். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர்களுக்கு எழுத்துத் தேர்வு வைத்தது. தனியார் கல்லூரியில் படித்த எங்களுக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது. எழுதித் தேறினேன். இன்றைக்கு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். படிக்கும்போது 20 சுகப்பிரசவம் பார்த்து நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஓடினோம். இப்போது எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

என்னோடு படித்தவர்களில் ஒருத்தி ஓமானில் இருக்கிறாள், ஒருத்தி ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு எழுதி அயர்லாந்து போய்விட்டாள், ஒருவன் எய்ம்ஸ் தேர்வெழுதி நர்சிங் ஆபீசராக வடக்கே இருக்கிறான். உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தால் உள்ளூரோடு முடிந்துபோகும் என்று பயப்படும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன். அயர்லாந்துக்காரி ஒரு நாள் போனில் சொன்னாள், அங்கே நேர்காணலில் கேட்டதெல்லாம், நீ தனியாக எத்தனை நோயாளியைப் பார்த்திருக்கிறாய், இந்த நிலைமையில் முதலில் என்ன செய்வாய் என்பதுதானாம். கல்லூரியின் கட்டடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, சிஸ்டர். மன்னிக்க வேண்டும். "சம்பளத்தைப் பத்தி முதல்ல பேசாத, வேலையக் கத்துக்க, அது தானா வரும்" என்று சொன்னீர்கள். அது தானாக வரவில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் உள்ளதில் அரசு ஊதியத்துக்கு நிகராகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை தாளில்தான் இருக்கிறது. நாலு வருஷம் படித்த பிள்ளை வீட்டு வாடகைக்குக் கடன் வாங்குகிறாள். அதனால் என்னிடம் யோசனை கேட்டு வரும் பெண்களிடம், வேலையில் சேரும் முன்பே சம்பளம் எவ்வளவு, ராத்திரி ட்யூட்டி எத்தனை, ஓர் ஆளுக்கு எத்தனை நோயாளி என்று வாய் திறந்து கேள் என்றுதான் சொல்கிறேன். உங்கள் காலத்தில் கேட்க முடியவில்லை. 52 பேரைத் தனியாகப் பார்த்த உங்களுக்காகவும் சேர்த்துத்தான் கேட்கச் சொல்கிறேன்.

இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சில வழிகள் கூடியிருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எனக்கு அது இருந்திருந்தால் அம்மா தோட்டை அடகு வைத்திருக்க மாட்டார். மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து நாடு முழுக்க 157 நர்சிங் கல்லூரிகள் தொடங்க 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது; அதில் 11 தமிழ்நாட்டுக்கு. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது என்றால் வார்டு நிறைந்திருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே அவற்றில் இடம் கிடைத்தால் விடாதே என்கிறேன். பாடத்திட்டமும் மாறிவிட்டது, எங்களுக்கு வருஷப் பரீட்சை, இவர்களுக்கு எட்டு செமஸ்டர். ஆனால் என் பிரசவ அறைக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் நான் கேட்பது மாறவில்லை. தாயின் வயிற்றில் புறங்கையை வை, என்ன தெரிகிறது சொல் என்பேன். சூடு என்று சொல்பவளும் உண்டு, ஒன்றும் தெரியவில்லை அக்கா என்று அழப்போகிறவளும் உண்டு. இரண்டாமவளைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வேன்.

அப்பா நடக்கிறார், சிஸ்டர். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைப்பார். மரம் ஏறுவதில்லை. மரத்தடியில் நின்று, ஏறுகிற பையன்களுக்குக் கிளை பார்த்துச் சொல்கிறார். வலது குதிகாலைத் தினமும் ராத்திரி எண்ணெய் தடவித் தடவிப் பார்த்துக்கொள்கிறார். சர்க்கரைக்காரர் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதற்காக அல்ல, அந்த நர்சம்மா சொன்னார் என்பதற்காக. பெரியத்தை போன வருஷம் காலமானார். கடைசி மூன்று மாதம் படுக்கையில்தான் இருந்தார், எங்கள் வீட்டில். அவருக்கு எல்லாம் நான்தான் பார்த்தேன். ஒரு புண் இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

இந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்திருக்கிறது. அம்மா கோது நீக்கி, கொட்டை தட்டி, உப்புப் போட்டு உருட்டிப் பானையில் அடைத்துவிட்டார். அதில் இரண்டு கிலோவைத் தனியே எடுத்து, வெள்ளைத் துணியில் கட்டி, அடுக்களைப் பரண்மேல் வைத்திருக்கிறார். ட்யூட்டியில் இருக்கிற வரைக்கும் வாங்க மாட்டேன் என்றுதானே சொன்னீர்கள். இப்போது ட்யூட்டி முடிந்துவிட்டது. விலாசம் மட்டும் தெரிந்தால் போதும், நானும் அப்பாவும் கொண்டுவந்து தருகிறோம்.

உங்கள் வார்டில் பாய் விரித்துப் படித்த,
நத்தத்துப் பெண்